ஐந்தருவிக்கு மஞ்சள் கிடையாது

மென்பொருள் தொழிலில் ஐம்பத்தைந்து வயது என்பது மற்றத் தொழில்களின் கணக்கில் தொண்ணூறு. தென்காசியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எனக்கு விடைகொடுத்தபோது சால்வை போர்த்தினார்கள், பழத்தட்டு கொடுத்தார்கள். கைத்தடி ஒன்றுதான் பாக்கி. கழுத்து எலும்பு தேய்ந்ததால் ஓய்வு பெற்றேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். தேய்ந்தது உண்மைதான். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் தலையாட்டியதால் தேய்ந்திருக்கலாம் என்று என் மனைவி வடிவு கருதுகிறாள். மருத்துவர் அதை மறுக்கவில்லை.

சென்ற மாதம் அதே அலுவலகத்திலிருந்து கார்த்திகா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"சார், முன்னாடி ஒரு பட்டன் கூடுதலாக் கேட்டா செய்ய ரெண்டு மூணு நாள் ஆகும். அதனால நீங்கல்லாம் முடியாதுன்னு சொன்னிய, சரி. இப்ப மெசின்கிட்டச் சொன்னா டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள எழுதித் தந்துருது. இனிமேயும் எதுக்கு சார் கஸ்டமர்ட்ட முடியாதுன்னு சொல்லணும்?"

நல்ல கேள்வி. "பாக்கலாம்மா" என்றேன். ஓய்வு பெற்றவர் என்பதை நிரூபித்துவிட்டார் என்பது போல அவள் ஒரு பார்வை பார்த்து, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

சென்னையில் நான் கழித்த ஆண்டுகளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கழித்த எனக்கே அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கடல்கடந்த ஏதோ ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கணினித் திரை செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் அந்தத் திரையில் ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்பார். நான் செய்துகொடுப்பேன். முடியாது என்று சொல்லத் தெரியாததை அங்கே திறமை என்று எடுத்துக்கொண்டு பதவி உயர்வு கொடுத்தார்கள். அந்தத் திரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், எந்தெந்தக் கட்டத்தைத் தொட வேண்டியதில்லை என்று ஒரு அட்டையில் எழுதித் திரையோரம் ஒட்டியிருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. என் இளமை முழுவதும் அந்த அட்டையில் இருந்தது. சென்னைத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினேன். சென்னைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதே சரி.

தென்காசியில் நான் சேர்ந்த இடம் ஒரு மெத்தைக் கடையின் மாடி. கீழேயிருந்து பஞ்சு மிதந்து வந்து விசைப்பலகையில் உட்காரும். முதலாளி நஸீமா மேடம். கடையநல்லூரில் பிறந்தவர். வளைகுடாவில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருந்துவிட்டு, கணவரை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகளோடு திரும்பி வந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். யார் முதலாளி என்று புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். அவர் ஒருமுறை "அண்ணாச்சி" என்று கூப்பிடும் தொனியைக் கேட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் ஆகும் என்றோ ஆகாது என்றோ சொல்ல மாட்டார். முதலில் ஒரு கேள்வி: "நேத்து இது இல்லாம எப்படிச் சமாளிச்சிய?" குத்தலாகக் கேட்க மாட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பதில் வரும் வரை காத்திருப்பார். அடுத்தது, என்னை அனுப்புவது. "போய் அவுக வேல பாக்க எடத்துல உக்காந்து பாருங்க அண்ணாச்சி. வாயத் தொறக்காதிய." இரண்டாவது வாக்கியம் எனக்காகச் சிறப்பாகச் சேர்க்கப்பட்டது. கடைசியாக, புதிதாக ஒன்றைத் திரையில் வைப்பதென்றால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். எது போகலாம் என்று பார்க்க, திரையின் ஒரு பகுதியை உள்ளங்கையால் மூடுவார். "இது இல்லன்னா யாரு தேடுவா?" யாரும் தேட மாட்டார்கள் என்றால் அது போயிற்று. நான் செய்த எத்தனையோ வேலைப்பாடுகள் அந்த உள்ளங்கைக்குள் மறைந்திருக்கின்றன.

புளியறையில் ஒரு பரோட்டாக் கடை. கேரளாவுக்குப் போகும் லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் இடம். பரிமாறுபவர்கள் கையில் ஒரு சிறு திரையைக் கொடுத்திருந்தோம். கேட்டதைத் தொட்டால் அடுப்படிக்குப் போய்விடும். கொஞ்ச நாளில் கடைக்காரர் மேடத்தைத் தேடி வந்தார். சால்னாவுக்குத் தனித்தனிப் பொத்தான் வேண்டுமாம். சால்னா ஊற்றி, சால்னா தனியாக, அதிகச் சால்னா, மேல் சால்னா, அடிச் சால்னா. அந்தக் கடையில் சால்னா குழம்பு அல்ல, கொள்கை. நான் உள்ளூரக் குதூகலமாகிவிட்டேன். எத்தனை பொத்தான்கள்!

மேடம் கடைக்காரரிடம் கேட்டார்: "நேத்து எப்படி அண்ணாச்சி சமாளிச்சிய?"

"நேத்தா? கத்துனோம்."

"சமையக்காரருக்குக் கேட்டுச்சா?"

"அவருக்கு என்ன, செங்கோட்டைக்கே கேட்டிருக்கும்."

"அப்ப இன்னைக்கும் கத்துங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே போனார். நான்தான் ஒரு வாரம் வாட்டமாக இருந்தேன்.

மேடம் எல்லாவற்றையும் மறுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்து எழுத்தர் அம்மா, "எழுத்து பொடிசா இருக்கு, கண்ணு வலிக்கு" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னார். மேடம் கேள்வியே கேட்கவில்லை. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். "அவுக ஒண்ணும் கூடக் கேக்கல. இருக்கதத் தெரியும்படி வைங்கன்னுதான் கேக்காவ" என்றார். கேட்பதிலும் இரண்டு வகை உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இனி ஐந்தருவிக்கு வருகிறேன்.

தென்காசியில் குடியிருப்பவனுக்கு, பக்கத்துக் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஒரு கூடுதல் வேலை உண்டு. எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் போன் செய்து கேட்பார்கள்: "தண்ணி விழுதா?" நலமா என்று கேட்கமாட்டார்கள். தண்ணீர் விழுந்தால் நாமும் நலம் என்பது கணக்கு. குற்றாலத்து விடுதிகளில் வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிவிடும். அதிலும் சிக்கல் என்னவென்றால், தண்ணீர் விழுந்தால் மட்டும் போதாது. மலைமேல் மழை கொட்டி வெள்ளம் கூடிவிட்டால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அங்கே அருவியில் ஆளை இழுத்துப்போகும் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.

அதற்கு மேடம் ஒரு பக்கம் செய்யச் சொன்னார். போனில் திறந்தால் பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை அல்லது சிவப்பு. பச்சை என்றால் குளிக்கலாம், சிவப்பு என்றால் தடை. ஒவ்வொரு அருவிப் பக்கத்திலும் நாள் முழுக்க இருக்கும் ஒருவரின் போனில் பொத்தானை வைத்துக் கொடுத்தோம். காவலர்கள் தடை போட்டதும் அவர் சிவப்பை அழுத்த வேண்டும், எடுத்ததும் பச்சையை. அவ்வளவுதான். நான் பொறுக்காமல் மேலே ஒரு அருவிப் படம் போட்டு, அதில் தண்ணீர் நிஜமாகவே விழுவது போல அசைய வைத்தேன். அதற்கு மட்டும் வாரக்கணக்கில் உழைத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு அண்ணாச்சி" என்றார். அந்தத் தொனி எனக்குத் தெரியும். உள்ளங்கை வரப்போகிறது.

ஆனால் உள்ளங்கைக்கு முன்னால் விடுதிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு முன்னால் நின்றவர் சண்முகவேல். குற்றாலத்தில் பெரிய விடுதியின் சொந்தக்காரர். வடிவின் மூத்த அண்ணன், எனக்கு மச்சான். அவர் கை காட்டிய பக்கம் மற்ற விடுதிக்காரர்கள் திரும்புவார்கள். எங்கள் கம்பெனி பிழைத்ததே அந்த விடுதிகளின் அறைப்பதிவு மென்பொருளால்தான். அதுவும் அவர் சொல்லித்தான் எல்லோரும் எடுத்தார்கள். அவருடைய விடுதி வரவேற்பறையில் கூட்டம். சுக்குக் காபி வந்தது.

"மாப்ளே, பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்றார் என்னிடம். "ஆனா இந்தச் சிவப்பு இருக்கு பாத்தியளா, அது எமன். மதுரைலருந்து குடும்பத்தோட கெளம்புனவன் வழியில சிவப்பப் பாத்தா வண்டியத் திருப்பிருதான். ரூம் காலி. நடுவுல ஒரு மஞ்சளப் போடுங்க. 'கொஞ்ச நேரத்துல விட்டுருவாங்க'ன்னு. ஒரு பட்டன்தான. ஒங்களுக்கு அது ஒரு வேலையா?"

ஒரு வேலையே இல்லை. நான் அதற்குள் மனதில் மஞ்சளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், எலுமிச்சையா சாமந்தியா என்பதுதான் பாக்கி. மேடம் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

"அது தண்ணியைல்லா கேக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள்.

மேடமும் சிரித்தார். "அப்ப ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததுக்கு ஒரு கலர் கேக்குதிய."

சிரிப்பு நின்றது. மச்சானுக்கு மறுப்பு கேட்டுப் பழக்கமில்லை. அதிலும் தங்கை மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டதே இல்லை.

"இங்க பாருங்கம்மா. மஞ்ச இல்லன்னா இந்தப் பக்கமும் எங்களுக்கு வேண்டாம், ரூம் புக் பண்ணுத அந்தச் சாப்ட்வேரும் வேண்டாம். நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம். யோசிச்சுச் சொல்லுங்க."

விடுதிகள் போனால் மாடியில் நாங்கள் யாரும் இருக்க முடியாது. மெத்தைக் கடைக்காரர் மாடியிலும் பஞ்சை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். "ஒரு வாரம் குடுங்க அண்ணாச்சி" என்று மேடம் எழுந்தார். படியிறங்கும்போது மச்சான் என் தோளைத் தொட்டார். "மாப்ளே, அந்தம்மா சொன்னா சொல்லட்டும். பட்டன் ஒங்க கையிலதான இருக்கு?"

"பாக்கலாம் மச்சான்" என்றேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வடிவுக்கு வந்திருந்தது.

"ஒரு மஞ்சக் கலரு. அதக் கூட எங்க அண்ணனுக்குச் செய்ய மாட்டியளோ?"

"பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

"நீங்க பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? செய்யவும் மாட்டிய, செய்யலன்னு சொல்லவும் மாட்டிய. எங்க அண்ணனுக்கு அது தெரியாது. காத்துட்டு இருப்பாவ."

அன்று சோற்றில் ரசம் ஊற்றும்போது எனக்கு ஒன்று புரிந்தது. நான் பிறவியிலேயே மஞ்சள் ஆள். மச்சான் கேட்ட பொத்தான் புதிய கண்டுபிடிப்பு அல்ல, என் சுபாவம்தான்.

மறுநாள் மேடம் வழக்கம்போல் அனுப்பினார். "ஐந்தருவியில போய் உக்காருங்க. லாட்ஜுக்காரவுக பொய் சொல்லல. சிவப்பப் பாத்து ஆளு திரும்பிப் போறது நெசம். ஆனா அவுக கேக்க மருந்து வேற, நோவு வேறயா இருக்கலாம். பாத்துட்டு வாங்க." நான் கதவருகே போனதும், "வாயத் தொறக்காதிய" என்றார்.

ஐந்தருவியில் எங்கள் பொத்தான் இருந்தது மாடசாமி கையில். அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுபவர். மார்பும் முதுகும் விரிந்த ஆட்களைப் பலகையில் குப்புறப் போட்டு, சப்பாத்தி மாவு மாதிரி உருட்டுவார். அவர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். பச்சை. கூட்டம் நெரிந்தது. வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் சருகு வந்தது, அப்புறம் காவி. சத்தம் ஒரு படி இறங்கித் தடித்தது. காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள். மாடசாமியின் பலகை காலியாயிற்று. கையைத் துண்டில் துடைத்தார், போனை எடுத்தார், சிவப்பை அழுத்தினார். விசில் சத்தம் அடங்குவதற்குள் சிவப்பு. எங்கள் தொழில்நுட்பத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வேன் நிறையக் குடும்பம், எல்லோர் தோளிலும் துண்டு.

"சார், திருவேங்கடத்துலருந்து வாரோம். கரிசக்காடு சார், எங்க ஊர்ல தண்ணியப் படத்துலதான் பாக்கணும். ஒரே ஒரு தல மட்டும் நனைச்சிட்டு ஓடி வந்துருதேன்."

"ஊருக்குப் போவும்போது அந்தத் தல வேணும்லா? தள்ளி நில்லுங்க."

"ஓரமா சார்."

"ஓரம்தான்யா இழுக்கும்."

"பிள்ளைய மட்டும்?"

காவலர் அவரையே பார்த்தார். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு திரும்பினார். முடியாது என்ற சொல் நம்மவர்களுக்குப் பேச்சின் முடிவல்ல, பேரத்தின் தொடக்கம். எனக்கு ஏன் அந்தச் சொல் வாயில் வருவதில்லை என்பதற்கு ஒருவேளை இதுவே காரணம். சொன்னால் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்கும்!

வேன்காரர்கள் போய்விட்டார்கள். பிறகு தண்ணீர் தெளிந்தது. காவலர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். எங்கெங்கோ டீக்கடைகளில் காத்திருந்த கூட்டம் ஓடி வந்தது. மாடசாமியின் பலகையில் ஒருவர், அடுத்து இன்னொருவர், வரிசை. முழங்கை வரை எண்ணெய். நான் என் போனைப் பார்த்தேன். சிவப்பு. அவரைப் பார்த்தேன். தோள்பட்டையில் இருந்தார். போன். சிவப்பு. அவர் இடுப்புக்கு வந்துவிட்டார். சிவப்பு. வாயைத் திறக்கக்கூடாது என்ற உத்தரவை முடிந்த மட்டும் காப்பாற்றினேன். கடைசியில் திறந்துவிட்டேன்.

"மாடசாமி, பச்சைய அமுக்கலையா?"

"எண்ணெக் கையில்லா அண்ணாச்சி. தொட்டா போனு எங்கயோ வழுக்கிட்டுப் போவுது. முந்தாநாளு பச்சைய அமுக்குதேன்னு என் கொழுந்தியாளுக்குப் போன் போட்டுட்டேன். அவ அரைமணி நேரம் பேசுதா. கூட்டம் கொறையட்டும், கையக் கழுவிட்டு அமுக்குதேன்."

அதாவது தடை போட்டால் அவருக்கு வேலை இல்லை, கை காய்ந்திருக்கும், சிவப்பு உடனே வரும். தடையை எடுத்தால் வேலை குவியும், கை எண்ணெய், பச்சை வரவே வராது. குற்றாலத்தில் அன்று ஆயிரம் பேர் குளித்துக்கொண்டிருக்க, எங்கள் பக்கம் மட்டும் தடை தடை என்று அடித்துக்கொண்டிருந்தது. மதுரைக்காரர்கள் வண்டியைத் திருப்பியது சிவப்பைப் பார்த்து அல்ல. ஆறிப்போன சிவப்பைப் பார்த்து.

போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டேன். "நடுவுல ஒரு மஞ்ச வச்சுக் குடுத்தா ஒங்களுக்கு எப்படி?"

மாடசாமி முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு! காலையில வந்ததும் மஞ்சள அமுக்கிட்டு என் சோலியப் பாத்துருவேன். சிவப்ப அமுக்குனா லாட்ஜுக்காரவுக ஏசுதாவ. பச்சைய அமுக்கி ஏதும் ஆச்சுன்னா போலீசு ஏசும். மஞ்சன்னா ஒருத்தரும் ஏச மாட்டாவல்லா?"

எனக்குக் கண்ணாடியைப் பார்த்தது போல இருந்தது. கண்ணாடிக்கு எண்ணெய் தேய்த்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்தார். வளைகுடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. ஐந்தாம் எண்ணில் விரலுக்குத் தட்டுப்படும்படி ஒரு சின்னக் குமிழ் இருந்தது. "இதுல எண்ணெ படலாம்லா?"

நான் செய்ய வேண்டியிருந்தது அரைநாள் வேலை. ஐந்தை அழுத்திப் பிடித்தால் ஒரு எண்ணுக்கு மணி அடிக்கும், பக்கம் பச்சையாகும். கடைக்கோடியில் இருக்கும் ஒன்பதை அழுத்திப் பிடித்தால் வேறொரு எண், சிவப்பாகும். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பலகைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டோம். மாடசாமி ஆளின் முதுகிலிருந்து ஒரு கையை எடுத்து ஐந்தை அழுத்திவிட்டு, மறுபடி முதுகுக்கே போய்விடுவார். பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தோம்: எப்போது அழுத்தியது என்று. ஒன்று சேர்ந்தால் ஒன்று போக வேண்டுமே. மேடத்தின் உள்ளங்கை நேராக என் அசையும் அருவியில் போய் விழுந்தது.

"இது இல்லன்னா யாரு தேடுவா?"

"நான் தேடுவேன் மேடம்."

"ஒங்களுக்கு நெச அருவி பக்கத்துலதான இருக்கு அண்ணாச்சி."

வாரக் கடைசியில் மறுபடி மச்சானின் வரவேற்பறை. மேடம் பட்டன் போனைக் காட்டி விளக்கினார். விடுதிக்காரர்களில் பலருக்குத் திருப்தி. பச்சை உடனே வந்தால் போதும் என்றார்கள். மச்சானுக்குப் போதவில்லை.

"இதெல்லாம் சரி. மஞ்ச?"

மேடம் என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று இன்றுவரை கேட்டதில்லை. மச்சானும் என்னைப் பார்த்தார். நாக்கு நுனியில் 'பாக்கலாம்' வந்து உட்கார்ந்திருந்தது. விழுங்கினேன்.

"மஞ்ச கெடையாது மச்சான்."

மூன்றே சொல்லில் ஒரு சிறிய வாக்கியம். விலை சிறியதல்ல. மச்சான் தன் விடுதியை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். வேறு சிலரும் அவரோடு போனார்கள். பெரிய ஊர்க் கம்பெனி ஒன்று அவருக்குத் தனியாக ஒரு செயலி செய்து கொடுத்தது. அதில் மஞ்சள் இருந்தது. வண்டி நிறுத்த இடம், சாப்பாட்டுக் கடை, பாட்டு, ராசிபலன் எல்லாம் இருந்தன. எங்கள் மாடியில் அந்த வருஷம் தீபாவளி மௌனமாக வந்து போயிற்று. கம்பெனி மூடவில்லை, ஆனால் மூடுமோ என்று பயந்தபடி வெகுகாலம் நடந்தது. மச்சான் எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். தங்கைக்குத் தர வேண்டிய பொங்கல் படியைக் கார் ஓட்டுபவரிடம் கொடுத்தனுப்புவார். வடிவு கரும்பை வாங்கிச் சுவரோரம் சாத்திவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். கரும்பு ரொம்ப நாள் அங்கேயே நிற்கும்.

நாங்கள் செய்தது சரி என்று எனக்கு முழு நிச்சயம் இருந்ததில்லை. எங்கள் சிவப்பைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பிய குடும்பங்கள் உண்டு. இன்னும் அரைமணி நேரம் பொறுத்திருந்தால் ஆசை தீரக் குளித்திருப்பார்கள். அந்தத் திருவேங்கடத்து மனிதரை நான் மறக்கவில்லை. எளிமை எளிமை என்கிறோம், யாருக்கு எளிமை என்று சொல்வதில்லை. சிக்கல் அழிவதில்லை, ஆள்தான் மாறுகிறது. திரையில் இரண்டே பொத்தான் வைத்தோம் என்றால், மூன்றாவதன் பாரத்தை யாரோ ஒருவர் சுமக்கிறார். இங்கே கொஞ்சம் மாடசாமி, கொஞ்சம் மதுரைக்காரர், கொஞ்சம் வடிவு.

கார்த்திகாவுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். பொத்தானைச் செய்வது எந்தக் காலத்திலும் பெரிய செலவு இல்லை அம்மா. மஞ்சளுக்கு அன்றைக்கே எனக்கு அரைநாள் போதும். இப்போது மெஷின் அதைத் தேநீர் ஆறுவதற்குள் செய்கிறது என்றால் சந்தோஷம். அழுத்துகிறவருக்கு அன்றைக்கு இருந்த அதே எண்ணெய்க் கைதான் இன்றைக்கும். பார்க்கிறவருக்கு அதே இரண்டு கண்தான். மறுப்பது நம் நேரத்தை மிச்சம் பிடிக்க என்று நீ நினைத்தது எங்கள் பிழை. நாங்கள் அப்படித்தான் காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தோம்.

இதை இதோடு முடித்திருப்பேன். போன ஆடியில் ஒரு காலை மச்சானிடமிருந்து போன் வந்தது. பொங்கல் படிக்குக்கூடப் பேசாதவர்.

"மாப்ளே, தண்ணி எப்படி விழுது?"

பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வேனில் ஐந்தருவிச் சாலையில் பாதி தூரம் வந்தாயிற்று. பின்னால் பிள்ளைகள் கூச்சலிடுவது கேட்டது.

"ஒங்க ஆப்புல என்ன காட்டுது மச்சான்?"

"மஞ்ச."

"அப்பம் கொஞ்ச நேரத்துல விட்டுருவாங்க."

மச்சான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஏ மாப்ளே, அது ஊருக்கு. இது பேரப்பிள்ளையளுக்கு."

என் போனைப் பார்த்தேன். ஐந்தருவிக்கு எதிரே சிவப்பு. இப்போதுதான் அழுத்தியிருக்கிறார் மாடசாமி.

"சிவப்பு மச்சான்."

"ஓரமா நின்னு…"

"கெடையாது. வண்டியத் திருப்பி இங்க வாங்க. வடிவு தோச சுடுதா."

வந்தார்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு மச்சான் எங்கள் வீட்டுப் படியேறினார். பிள்ளைகள் தோளில் துண்டோடும், காய்ந்த தலையோடும், உலகத்தின் மீதே கோபத்தோடும் உட்கார்ந்து தோசை தின்றார்கள். வடிவு அண்ணனுக்குத் தோசையை வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் போதும் என்று கையை நீட்டி மறைத்தும் வைத்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது என் போன் மேசைமேல் கிடந்தது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தருவி பச்சையாகியிருந்தது. தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத இதுல போட்டுத் தாங்க."

போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை முகத்துக்கு அருகே வைத்து, மூன்று வரிகளையும் மேலும் கீழும் பார்த்தார். எதையோ தேடுவது போல இருந்தது.

"இதுல மஞ்ச கெடையாதுல்லா?"

"கெடையாது மச்சான்."

"சரி" என்றார். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏலே, துண்ட எடுங்க. குளிக்கப் போவோம்."